கலசத்தில் கிடந்த கூழாங்கல்

சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

"இது ஆக்செல் இல்ல."

குட்ரூன் லிண்டகார்ட் இதைச் சொன்னபோது அவள் கணவனின் அஸ்திக் கலசம் அவள் கையில்தான் இருந்தது. வழக்கமாகக் கல்லறைத் தோட்டக்காரர்தான் கலசத்தைக் குழிவரை கொண்டுவந்து இறக்குவார். இவளோ, "கட்டின புருஷனை நானே தூக்கிட்டுப் போறேன், யாரும் தொடவேண்டாம்" என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். எழுபத்தொன்பது வயது. இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. நாலு எட்டு நடந்தவள் நின்றுவிட்டாள்.

எதிரே குழி தயாராக இருந்தது. அதன் தலைமாட்டில் கறுப்புக் கல். ஒரே கல்லில் இரண்டு பெயர். ஆக்செலின் பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும். குட்ரூனின் பெயருக்குக் கீழே பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெற்றிடம். தன் இடத்தை முன்பதிவு செய்துவைத்த திருப்தியோடு அவள் அந்தக் கல்லை ஊரையெல்லாம் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள்.

அவள் கலசத்தை லேசாக ஆட்டினாள். கலகலவென்று சத்தம் கேட்டது.

"சாம்பல் சத்தம் போடுமா, ஃப்ளெமிங்?"

தோட்டக்காரர் ஃப்ளெமிங்கின் முகம் வெளுத்துவிட்டது. மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே சாம்பல் கட்டிவைத்த பை இல்லை, சாம்பலும் இல்லை. கல்லறைகளைச் சுற்றிக் கொட்டி வைப்பார்களே, பட்டாணி அளவு உருண்டைக் கூழாங்கல், அதுதான் பாதிக்கு மேல் கிடந்தது.

குட்ரூன் மெதுவாகத் திரும்பி, பின்னால் நின்ற மகள் மைக்கனைப் பார்த்தாள்.

"எங்கடி கொண்டு போன உங்க அப்பாவை? கடல்ல கரைச்சிட்டியா?"

"அம்மா, நானா? உனக்கு என்ன பைத்தியமா?"

"நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன? அப்பா படகு ஓட்டினவரு, கடல்லதான் கரைக்கணும்னு!"

"குட்ரூன், பொண்ணு மேல பழி போடாத," என்று குறுக்கே வந்தார் ஹோல்கர் பிராஸ்க். ஆக்செலின் நாற்பது வருட நண்பர். சீட்டாட்டத்துக்கும் பீருக்கும் கூட்டாளி. "யார் மேல வேணா போடு, அவ மேல போடாத."

ஃப்ளெமிங் போலீசுக்குப் போன் செய்தார்.

*

கோபன்ஹேகன் போலீஸ் ஸ்டேஷனில் அன்று இன்ஸ்பெக்டர் விபேக்கே ராபெக்குக்கு டியூட்டி. ஐம்பத்திரண்டு வயது, கறாரான பெண்மணி, சிரிப்பதற்குக்கூட யோசிப்பாள். அவள் கிளம்பும்போது பக்கத்து மேசைக்காரன் விடவில்லை.

"கல்லறைத் தோட்டத்துலயா கேஸு? சாட்சிங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க விபேக்கே, ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்!"

அவள் சைக்கிளை எடுத்தாள்.

அந்தக் கல்லறைத் தோட்டம் நகரத்தின் நடுவில் ஒரு காடு மாதிரி பரந்து கிடப்பது. ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அம்மாக்கள் பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு என்பதால் பாதி ஊர் கையில் ஊசியிலைக் கிளைக் கட்டுகளோடு வந்திருந்தது. உறைபனிக்கு முன் செடிகளின்மேல் கிளைகளைப் போர்த்திவிட வேண்டும் அல்லவா? மண்வெட்டி, வாரி, முட்டியில் ஈர மண். இந்த ஊரில் நவம்பர் மாதம் முட்டியில் மண்ணில்லாமல் கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வருகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் ஃப்ளெமிங்கைப் பிடித்தாள்.

"கலசம் எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம், மேடம். நானே பூட்டி வெச்சேன். சாவி என் இடுப்புல."

"காலைல?"

"ஒன்பதரைக்கு எடுத்துத் தேவாலய முன்கூடத்து மேசைல வெச்சேன். மெழுகுவத்தி ஏத்தி வெக்கறது வழக்கம். சொந்தக்காரங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருவாங்க."

"கதவு?"

"திறந்துதான் இருந்துச்சு. அஸ்தியை யாரு மேடம் திருடுவாங்க?"

"யாரோ திருடியிருக்காங்களே. அந்த நேரத்துல யார் யார் வந்தாங்க?"

"முதல்ல ஹோல்கர் வந்தாரு. பெட்டி வெச்ச சைக்கிள்ல கிளை கொண்டுவந்து மேசைய அலங்காரம் பண்ணிட்டுப் போனாரு. அப்புறம் மைக்கன் தனியா உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் நான் எடுக்க வந்தேன். எடுக்கும்போது கனம் சரியாத்தான் இருந்துச்சு, மேடம். அலுங்காமத் தூக்குறது எங்க பழக்கம். அதான் சத்தம் கேக்கல."

"இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?"

"நடைபாதைக் கல்லு முரடா இருக்கும். இது கல்லறைல கொட்டுறது. ரெண்டு கைப்பிடி இல்ல, நல்லா வாரி எடுத்திருக்கான். ஏதாவது ஒரு கல்லறைல மண்ணு தெரியற மாதிரி மொட்டையா இருக்கணும்."

"தேடுங்க."

ஆள் விட்டுத் தேடினார்கள். மொட்டையான கல்லறை ஒன்றுகூட அகப்படவில்லை.

*

மைக்கன் தேவாலயப் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கடைசியா கலசத்தோட தனியா இருந்தது நீங்க."

"தெரியும். அம்மாதான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்திட்டாங்களே."

"பையைத் திறந்து காட்டறீங்களா?"

மைக்கன் தயங்கினாள். பிறகு பையை அப்படியே படியில் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, கைக்குட்டை, ஒரு ஜாம் பாட்டில். சுத்தமாகக் கழுவித் துடைத்த காலி ஜாம் பாட்டில்.

விபேக்கே அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"ஒரு ஸ்பூன் எடுக்கலாம்னு நெனச்சேன். ஒரே ஒரு ஸ்பூன். துறைமுகத்துல அவரு படகு நின்ன இடத்துல போடலாம்னு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூடியத் தொடக்கூட தைரியம் வரல. பத்து நிமிஷம் அவர்கிட்ட பேசிட்டு எழுந்து வந்துட்டேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க."

விபேக்கேக்கு நம்பத்தான் ஆசை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஆசையா முக்கியம்? வாய்ப்பு இருந்தது, காரணம் இருந்தது, பையில் பாட்டிலும் இருந்தது.

அதற்குள் குட்ரூன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? என் வயித்துல பொறந்ததே எனக்கு எமனா வந்திருக்கு! குழி வெட்டி வெச்சிருக்கு, கல்லு நட்டு வெச்சிருக்கு, உள்ள படுக்க ஆளில்ல. நான் செத்தா யார் பக்கத்துல போய்ப் படுக்கறது? கூழாங்கல்லு பக்கத்துலயா?"

"அம்மா..."

"அம்மான்னு கூப்பிடாத. அவர் வர்ற வரைக்கும் என் வாசப்படி ஏறாத."

மைக்கன் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து போனாள். விபேக்கேயால் அம்மாவைத் தடுக்கவும் முடியவில்லை, மகளை நிறுத்தவும் முடியவில்லை. ஜாம் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள்.

*

ஹோல்கர் தன் மனைவி இங்கெயின் கல்லறையில் இருந்தார். ஆக்செலின் குழியிலிருந்து இரண்டு வரிசை தள்ளி. அவளைப் புதைத்து ஏழு வருடம் ஆயிற்று. சனிக்கிழமை தவறாமல் வந்து கூழாங்கல்லை வாரியால் கோடு கோடாக இழுத்துவிட்டுப் போகிற மனுஷர் என்று ஃப்ளெமிங் சொல்லியிருந்தார்.

"உக்காரும்மா. காப்பி இருக்கு," என்று பிளாஸ்க்கைத் திறந்தார்.

கல்லுக்கு முன்னால் ஊசியிலைக் கிளைகளை விசிறி மாதிரி அடுக்கி மொத்தமாகப் போர்த்தியிருந்தார். கச்சிதமான வேலை. கல்லுக்குப் பின்புறம் ஒரு ரோஜாச் செடியும் மூன்று ஹீதர்ச் செடிகளும் குளிர்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"குளிருக்கு இப்பவே போர்த்திட்டீங்களா?"

"இன்னிக்குக் காலைலதான். ஊரே போர்த்துதே." அவர் காப்பியை ஊற்றினார். பாதி கீழே போயிற்று. "அந்தப் பொண்ணை விட்டுடும்மா. அவ எடுக்கல."

"எப்படித் தெரியும்?"

"சின்னக் குழந்தைலேருந்து பாக்கறேன். அப்பனைத் திருடற ஜாதி இல்ல அவ."

"மேசைய அலங்காரம் பண்ணும்போது கலசத்தைத் தூக்குனீங்களா?"

"நகர்த்தி வெச்சேன். சுத்தியும் கிளை வெக்கணும்ல?"

"அப்ப கலகலன்னு சத்தம் கேட்டுச்சா?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

நல்ல பதில்தான். தப்பு சொல்ல இடமில்லை. விபேக்கே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள். அவருடைய முட்டியில் மண் இருந்தது. அவளுடைய முட்டியிலும்தான் அதற்குள் மண் ஒட்டியிருந்தது.

*

ஞாயிறு முழுக்கக் கொட்டுகொட்டென்று மழை. குட்ரூன் மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். "கிடைச்சாரா?" என்பாள். காணாமல்போன குழந்தையைக் கேட்கிற மாதிரி கேட்பாள். "இல்லம்மா" என்று மூன்று முறையும் சொன்னாள் விபேக்கே.

சாயங்காலம் மழை விட்டதும் தன் வீட்டு முற்றத்தில் இறங்கினாள். நாலு ரோஜாச் செடி இருக்கிறது, கிளை போர்த்த வேண்டும். மூன்று செடிக்குப் போர்த்தியதும் கிளை தீர்ந்துவிட்டது. ஒரு கிளை வழுக்கி விழுந்து கல் படிமேல் கிடந்தது. அதை எடுத்து நாலாவது செடிக்கு வைக்கக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

அட மடச்சி! நேற்றுக் கண்ணெதிரே பார்த்தாயே!

அவள் கணவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "என்னாச்சு, இடுப்பு பிடிச்சிக்கிச்சா?"

"கல்லுக்குக் குளிருமா?" என்று கேட்டாள் விபேக்கே.

"இந்த வேலைய விட்டுடுன்னு சொன்னா எங்க கேக்கற?" என்று ஜன்னலைச் சாத்தினான் அவன்.

*

திங்கட்கிழமை காலை. இங்கெயின் கல்லறையைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். குட்ரூன் ஒரு பக்கம், மைக்கன் எதிர்ப்பக்கம். நடுவில் ஃப்ளெமிங்கும் ஹோல்கரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கிளை எதுக்குப் போர்த்தறோம்?" என்று கேட்டாள் விபேக்கே.

"செடி பனில கருகாம இருக்க," என்றார் ஃப்ளெமிங்.

"இங்க செடி எங்க இருக்கு? கல்லுக்குப் பின்னால. ரோஜா வெறும் உடம்போட நிக்குது. ஹீதர் நடுங்குது. ஏழு வருஷமா இந்த இடத்தைக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்ட மனுஷர், செடிய விட்டுட்டு முன்பக்கத்துக் கூழாங்கல்லுக்குப் போர்வை போட்டிருக்காரு. மொட்டையான கல்லறையத் தேடச் சொன்னோம். மூடி வெச்சதை யாரும் தூக்கிப் பாக்கல. அன்னிக்கு ஊரே போர்த்திக்கிட்டு இருந்துச்சே, யாருக்குச் சந்தேகம் வரும்? இங்க உக்காந்து காப்பி குடிச்ச எனக்கே வரல."

அவள் குனிந்து கிளைகளை அள்ளி ஓரமாகப் போட்டாள். அடியில் கூழாங்கல்லே இல்லை. கறுப்பு மண் ஈரமாகக் கிடந்தது.

ஹோல்கர் தொப்பியைக் கழற்றினார்.

"இத்தனை கல்லறை இருக்கே, ஹோல்கர். ஏன் உங்க மனைவியோடதுலேருந்து எடுத்தீங்க?"

"அடுத்தவங்க கல்லறைல கை வைக்க மனசு வரலம்மா," என்றார். "இங்கெ ஒண்ணும் சொல்ல மாட்டா."

குட்ரூன் கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினாள்.

"நீயா? என் வீட்டுல சோறு தின்ன நீயா, ஹோல்கர்?"

"அவன் கேட்டான், குட்ரூன். ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிட்டுக் கேட்டான். பெயரில்லாதவங்க புல்வெளில போட்டுடு, கல்லு வேணாம், பேரு வேணாம், இடம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னான்."

"பொய்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!"

"சொல்லத்தான் இருந்தான். அன்னிக்கு நீ வார்டுக்குள்ள வந்ததும் வராததுமா கல்லு வெட்டக் குடுத்துட்டேன், ரெண்டு பேருக்கும் ஒரே கல்லுன்னு சொன்ன. அவ்வளவு சந்தோஷமாச் சொன்ன. நானும் அங்கதான் இருந்தேன். அவன் வாயை மூடிக்கிட்டான்."

"ஏன்? எம் பக்கத்துல படுக்க அவ்வளவு கசப்பா அவருக்கு?"

"கசப்பா?" என்றார் ஹோல்கர். "உன் முட்டிய நெனச்சித்தான் சொன்னான், குட்ரூன். கல்லுன்னு ஒண்ணு இருந்தா மழையோ பனியோ அவ தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து நிப்பா, குனிஞ்சு களை பிடுங்குவா, வழுக்கி விழுவா. செத்தும் அவளுக்கு வேலை வெக்கக் கூடாதுன்னான்."

"வேலையா?" குட்ரூனின் குரல் உடைந்தது. "அந்த வேலைதானேய்யா எனக்கு வேணும்! அதையும் எடுத்துக்கிட்டா, சனிக்கிழமையானா உன்னை மாதிரி நான் எங்க போவேன்?"

தள்ளுவண்டியோடு ஒரு பெண் பாதையில் கடந்து போனாள்.

"கலசத்துல கல்லைப் போட்டா உனக்குத் தெரியாம போயிடும்னு நெனச்சேன்," என்றார் ஹோல்கர். "உனக்கு உன் கல்லறை, அவனுக்கு அவன் புல்வெளி. ரெண்டு பேருக்கும் கேட்டது கிடைக்கும். ஃப்ளெமிங் தூக்கியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீ தூக்குவேன்னு நான் எதிர்பாக்கல."

"அப்ப நான்..." என்று ஆரம்பித்தாள் மைக்கன். "எனக்கு முன்னாடியே எடுத்துட்டீங்களா? நான் பத்து நிமிஷம் கூழாங்கல்லுக்கிட்டயா பேசிட்டு இருந்தேன்? மன்னிச்சிடுப்பான்னு கூழாங்கல்லுக்கிட்டயா அழுதேன்?"

ஹோல்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடத்தைக் காட்டுங்க," என்றாள் விபேக்கே. "அப்புறம் மத்ததைப் பேசுவோம்."

"எனக்குத் தெரியாதும்மா."

"விளையாடாதீங்க."

"சத்தியமாத் தெரியாது. உனக்கும் தெரியக் கூடாது ஹோல்கர், தெரிஞ்சா குட்ரூன் ஒரு பார்வை பாத்தா நீ கக்கிடுவேன்னான். சைக்கிளை வெளில நிறுத்திட்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டு, கால் போன போக்குல நடந்தேன். கணுக்கால் உயரத்துக்கு இலை கொட்டிக் கிடந்துச்சு. கால் நின்ன இடத்துல புல்லை வெட்டித் தூக்கி, பைய வெச்சு, மூடி, இலையத் தள்ளிவிட்டேன். திரும்பிப் பாக்காம வேற பக்கமா வந்துட்டேன். நாலு பேர் என்னைக் கடந்து ஓடினாங்க. ஒருத்தர் குட்மார்னிங்கூட சொன்னாரு. கல்லறைத் தோட்டத்துல ஒருத்தன் குழி வெட்டினா யாரு பாக்கறா?"

விபேக்கே ஃப்ளெமிங்கைப் பார்த்தாள். "புதுசா வெட்டின அடையாளம் இருக்குமே?"

"இருக்கும். நிறைய இருக்கும், மேடம். போன வாரம் நாங்களே அங்க நிறையப் பேரை வெச்சோம். சனிக்கிழமை மத்தியானம் இலை வாரற வண்டி ஓடிச்சு, நேத்து மழை. நாங்களும் அடையாளம் வெக்கறதில்ல. அதானே அந்தப் புல்வெளியோட விதி." அவர் குரலைத் தாழ்த்தினார். "தோண்டிப் பாக்கறதுன்னா மத்தவங்க வீட்டு ஆளுங்களையெல்லாம் எழுப்பணும். அவங்களும் யாரும் தேட வேணாம்னு கேட்டுப் படுத்தவங்கதான்."

விபேக்கே போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். மேலதிகாரியிடம் பேசினாள். வக்கீலிடம் பேசினாள். தேவாலய அலுவலகத்திலும் பேசிப் பார்த்தாள். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். எல்லோரும் முடியாது என்றார்கள். ஹோல்கருக்கு அபராதம் போடலாம், அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, முறையைக் கண்டுபிடித்தாயிற்று, காரணமும் தெரிந்துவிட்டது. அந்தக் கிழவி கேட்டது இதில் எதுவுமே இல்லை.

அவள் திரும்பி வந்தபோது குட்ரூன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். புல்வெளிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். மைக்கன் இரண்டடி பின்னால் தயங்கித் தயங்கிப் போனாள். பாதித் தூரத்தில் குட்ரூன் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, மகளின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பென்று வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

பெயரில்லாதவர் புல்வெளி மரங்களுக்கு நடுவில் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு விரிந்து கிடந்தது. ஒரு கல் இல்லை, ஒரு சிலுவை இல்லை. வெறும் பச்சை, அதன்மேல் வெள்ளைப் பனி. ஓரத்தில் பொதுவாகப் பூ வைக்கிற மேடையில் நாலைந்து பூங்கொத்துகள் நனைந்து கிடந்தன.

"இந்தப் பக்கமா இருக்குமா?" என்றாள் குட்ரூன்.

"தெரியலம்மா," என்றாள் விபேக்கே.

"அந்தப் பக்கமா?"

"தெரியல."

குட்ரூன் புல்வெளியின் விளிம்பில் ஒரு காலை எடுத்து வைத்தாள். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐம்பது வருஷம் அவர்கிட்ட கத்தியிருக்கேன். ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க, ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு. இப்ப நான் அவர் மேலயே நின்னாலும் எனக்குத் தெரியாது."

மைக்கனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகலோடு குனிந்து, ஒவ்வொன்றாகக் காலணிகளைக் கழற்றினாள்.

"அம்மா, பனி. காலு விறைச்சிடும், உள்ள போகாதீங்க," என்றாள் விபேக்கே.

"இதைக் கொஞ்சம் பிடி," என்று ஷூக்களை அவளிடம் நீட்டினாள் குட்ரூன்.

காலுறையோடு பனிப்புல்லில் இறங்கி, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக நடந்து போனாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். குனிந்து பார்த்தாள். மறுபடி நடந்தாள். மைக்கனும் ஷூவைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போனாள்.

விபேக்கே இரண்டு ஜோடி ஷூவையும் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வரும்வரை ஓரத்திலேயே நின்றாள்.